ஒரு பக்கம் அனல், மறுபக்கம் குளிர்

டிசம்பர் கடைசியில் ஊட்டிக்குக் கிளம்பும் கார்களில் பாதிக்கு ஹீட்டர் வேலை செய்கிறதா என்பது உரிமையாளருக்கே தெரியாது. சென்னையிலோ மதுரையிலோ அதைப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி, குன்னூரில் பனி கண்ணாடியை மூடத் தொடங்கியதும்தான் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்புவார்கள். ஓட்டுநர் பக்கம் அனலாக வரும், பக்கத்து இருக்கைக்காரருக்குப் பச்சைத் தண்ணீர் தெளித்ததுபோல் சில்லென்று வரும். அல்லது இதற்கு நேர்மாறு. இதே கோளாறு சமவெளியில் வேறு வேஷத்தில் வரும்: மே மாதத்தில் ஏசி போட்டால் ஒரு பக்கம் குளிர்கிறது, மறுபக்கத் துவாரத்தில் வெந்நீர் அண்டாவின் ஆவி.

பட்டறைக்குப் போனால் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். "கேஸ் கம்மியா இருக்கு சார், அடிச்சுடலாம்." இல்லையென்றால், "டேஷ்போர்ட இறக்கணும் சார், ரெண்டு நாள் ஆகும்." இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆனால் எதையும் அளக்காமல் சொல்லப்பட்டால் இரண்டுமே ஊகம்தான். டேஷ்போர்டை ஒருமுறை இறக்கிய கார், மேடு பள்ளத்தில் கிறீச்சிடாமல் பழையபடி ஓடுவது அபூர்வம். ஆகவே ஒரு ஸ்குரூவைத் தொடும் முன் செய்யவேண்டிய சோதனையை முதலில் பார்ப்போம். ஒரு தெர்மாமீட்டரும் அரை மணி நேரமும் இருந்தால் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது

இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட், ஓட்டத்தில் சுமார் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு பங்கை இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக, இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலைத் தாண்டி டேஷ்போர்டுக்குள் கொண்டுவருகிறார்கள். அங்கே ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. பட்டறைப் பேச்சில் ஹீட்டர் காயில். அதற்கு முன்னால் ஏசியின் கூலிங் காயில். ப்ளோயர் தள்ளும் காற்று முதலில் கூலிங் காயிலைக் கடந்து, பிறகு ஒரு ஃபிளாப்பைச் சந்திக்கிறது. ஃபிளாப் ஒரு பக்கம் சாய்ந்தால் காற்று முழுவதும் ஹீட்டர் காயில் வழியே போகும். மறுபக்கம் சாய்ந்தால் அதைத் தொடாமலே வெளியே வரும். நடுவில் நின்றால் இரண்டும் கலந்து வரும். நீங்கள் 24 டிகிரி என்று வைத்தால் கார் செய்வது இந்த ஃபிளாப்பின் சாய்வை மாற்றுவதுதான். பழைய கார்களில் குமிழிலிருந்து கேபிள் ஒன்று போய் அதை இழுக்கும். கிளைமேட் கன்ட்ரோல் உள்ள கார்களில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பிளாஸ்டிக் மோட்டார் அதைத் திருப்புகிறது. ஓட்டுநருக்கும் பக்கத்தவருக்கும் தனித்தனி வெப்பநிலை வைக்கும் டூயல் ஜோன் கார் என்றால் இரண்டு ஃபிளாப், இரண்டு மோட்டார். ஆனால் ஹீட்டர் காயிலும் கூலிங் காயிலும் பெரும்பாலும் ஒவ்வொன்றுதான். இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கோளாறு இருக்கும் இடத்தைப் பாதி அதுவே சொல்லிவிடும்.

முதலில் இது கோளாறுதானா?

முகத்துக்கும் காலுக்கும் ஒருசேரக் காற்று வரும் நிலையில், கால் பக்கம் கூடுதல் சூடாகவும் முகத்துக்குச் சற்றுக் குளிராகவும் வரும்படிதான் பல கார்களை வடிவமைத்திருக்கிறார்கள். தூக்கம் வராமல் ஓட்ட அது நல்லது. அதேபோல், டேஷ்போர்டின் மேல், முன் கண்ணாடியின் அடியில், பொத்தான் அளவில் கருப்பாக ஒரு குமிழ் இருக்கும். அது வெயிலை அளக்கும் சென்சார். சில டூயல் ஜோன் கார்களில் எந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது என்பதையும் அது கணக்கில் எடுத்து, அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் குளிர்ச்சி அனுப்பும். மாலை நான்கு மணிக்கு மேற்கு வெயிலை வாங்கிக்கொண்டு போகும்போது இரண்டு பக்கமும் வேறுபட்டால் அது கோளாறாக இருக்கவேண்டியதில்லை. நம்மூரில் இந்தச் சென்சாரின் மேலேயே பிள்ளையாரை ஒட்டியிருப்பார்கள், அல்லது வெல்வெட் விரிப்பு போட்டு மூடியிருப்பார்கள். பாவம், கார் எப்போதும் நிழலில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். பிள்ளையாரை நாலு அங்குலம் நகர்த்திவிட்டு மேலே படியுங்கள்.

இரு பக்க வெப்பநிலையையும் இணைக்கும் சிங்க் அல்லது டூயல் பொத்தான் எந்த நிலையில் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். குழந்தை அழுத்திவிட்டுப் போன பொத்தானுக்காகப் பட்டறைக்கு வந்த கார்கள் உண்டு.

இரு முனைச் சோதனை

காரை நிழலில் நிறுத்துங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, வெப்பநிலை முள் நடுவுக்கு வந்த பிறகு தொடங்குங்கள். பால், எண்ணெய் சூடு பார்க்கச் சமையலறையில் பயன்படுத்தும் கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். கம்பியைத் துவாரத்துக்குள் இரண்டு அங்குலம் செருக வேண்டும். துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் கருவி காற்றை அளக்காது, துவாரத்தின் பிளாஸ்டிக்கைத்தான் அளக்கும். இந்த வேலைக்கு அது வேண்டாம்.

முதலில் இரண்டு பக்கத்தையும் கடைசிச் சூட்டில், அதாவது ஹை என்று காட்டும் வரை ஏற்றி வையுங்கள். ப்ளோயர் நடு வேகம், காற்று முகத்துக்கு, ரீசர்குலேஷன் ஆன். ஐந்து நிமிடம் கழித்து வலது ஓரம், நடு, இடது ஓரம் என்று எல்லாத் துவாரங்களையும் அளந்து எழுதுங்கள். நல்ல நிலையில் உள்ள காரில் எல்லாம் 50 டிகிரிக்கு மேல் போகும், தங்களுக்குள் அதிகம் வேறுபடாது. அடுத்து இரண்டையும் லோவுக்கு இறக்கி, ஏசி போட்டு, அதே ஐந்து நிமிடம், அதே அளவுகள்.

இப்போது இரண்டு வரிசை எண்கள் கையில் இருக்கின்றன. ஹையில் இரண்டு பக்கமும் வேறுபட்டு, லோவில் ஒன்றாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் தண்ணீர்ப் பக்கம்: ஹீட்டர் காயிலில் அடைப்பு, காற்று, அல்லது கூலன்ட் குறைவு. லோவில் மட்டும் வேறுபட்டு ஹையில் சமமாக இருந்தால் பெரும்பாலும் கேஸ் பக்கம். ஒரு பக்கம் மட்டும் நீங்கள் ஹை வைத்தாலும் லோ வைத்தாலும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பக்கத்து ஃபிளாப் அசையவில்லை. சந்தேகம் அதன் மோட்டார் மேல்.

ஒரே குமிழ் உள்ள சாதாரணக் காரிலும் இந்தச் சோதனை செல்லும். அங்கே இரு பக்கத்துக்கும் ஃபிளாப் ஒன்றே என்பதால், இடம் வலம் வேறுபாட்டுக்கு ஃபிளாப் மோட்டாரைக் குற்றம் சொல்வது அரிதாகவே பொருந்தும். அப்படியொரு காரில் "மோட்டார் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால், எண்களைக் காட்டிக் கேளுங்கள்.

இரண்டு ஹோஸ்களைத் தொட்டுப் பார்ப்பது

ஹையில்தான் வேறுபாடு என்றால் அடுத்த படி பானெட்டுக்குள். ஃபயர்வாலுக்குள் நுழையும், பெருவிரல் தடிமனான இரண்டு ஹோஸ்களைக் கண்டுபிடியுங்கள். இஞ்சின் ஓடும்போது பெல்ட் பக்கமும் ஃபேன் பக்கமும் கை போகக்கூடாது. சேலை முந்தானை, துப்பட்டா, தொங்கும் சட்டை கவனம். இந்த ஹோஸ்கள் தோலைப் பொசுக்கும் சூட்டில் இருக்கும், ஆகவே புறங்கையால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். இன்ஃப்ராரெட் கருவி இருந்தால் அதற்கு இதுதான் இடம்.

இரண்டும் சுட்டால், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும், தண்ணீர் ஓடுகிறது. ஒன்று சுடுகிறது, மற்றதைப் பிடித்துக்கொண்டே நிற்க முடிகிறது என்றால் காயில் அடைத்திருக்கிறது, அல்லது ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. எல்லாக் கார்களிலும் இந்த வால்வு கிடையாது; இருந்தால் ஹோஸின் நடுவிலேயே தெரியும். இரண்டும் வெதுவெதுப்பு, முள்ளும் நடுவுக்கு ஏறவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். மலைப்பாதையில் இது தெளிவாகத் தெரியும்: ஏற்றத்தில் ஹீட்டர் சூடாக வரும், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் முள்ளும் இறங்கும், காற்றும் குளிரும். தெர்மோஸ்டாட் விலை அதிகமில்லை. ஆனால் "நம்மூர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. அப்படி ஓடும் இஞ்சின் சூடேற நேரமெடுத்து, எரிபொருளையும் கூடுதலாகக் குடிக்கும்.

பழைய காராக வாங்கியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு ஹோஸ்களும் ஃபயர்வாலுக்குள் போகாமல், ஒரு ஹோஸே யு வடிவில் வளைந்து இஞ்சினுக்கே திரும்பியிருந்தால், ஹீட்டர் காயில் ஒழுகியதால் முந்தைய உரிமையாளர் பைபாஸ் செய்துவிட்டார் என்று பொருள். சமவெளியில் மட்டும் ஓடும் காருக்கு அது பாதகமில்லாத வேலை. கொடைக்கானல் போகிறவருக்குத்தான் ஏமாற்றம்.

கடைமடைக்குத் தண்ணீர் வராத காயில்

டூயல் ஜோன் காரில் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர் என்றதும் எல்லோரும் மோட்டாரைத்தான் தேடுவார்கள். பாதி அடைத்த காயிலும் அதையே செய்யும். தூர்ந்துபோன வாய்க்காலில் தலைமடைக்காரர் வயல் நிரம்பும், கடைமடை காயும் அல்லவா? அதுபோல, காயிலுக்குள் கூலன்ட் நுழையும் பக்கத்துக் குழாய்களில் ஓட்டம் இருக்கும், தூரத்துக் குழாய்களில் இருக்காது. காயில் ஒன்றுதான் என்றாலும் அதன் ஒரு பாதியைத் தொட்டு வரும் காற்று ஒரு பக்கத்துக்கும், மறுபாதியைத் தொட்டு வருவது மறுபக்கத்துக்கும் போவதால், இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் தெரிகிறது.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் நம் கைதான். கூலன்ட் குறையும்போதெல்லாம் போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறோம். அதிலுள்ள உப்பு காயிலின் மெல்லிய குழாய்களில் படிகிறது, துருவைத் தடுக்கும் மருந்து நீர்த்துப்போய் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கின்றன. ரேடியேட்டர் ஒழுகலை நிறுத்த ஊற்றும் பொடியும் திரவமும் ஒழுகலோடு ஹீட்டர் காயிலையும் சேர்த்து அடைக்கும். ஹீட்டர் வேண்டும் என்பவர் அந்த டப்பாவை வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

கழுவுவது எப்படி? இஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற கார் நல்லது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும். ஃபயர்வால் அருகே இரண்டு ஹோஸ்களின் கிளிப்பைத் தளர்த்திக் கழற்றுங்கள். காயிலிலிருந்து நீளும் குழாய்முனை மெல்லிய அலுமினியம் அல்லது பிளாஸ்டிக். ஹோஸ் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் திருகி இழுக்காதீர்கள், ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கீறி எடுங்கள். புது ஹோஸ் வாங்கிவிடலாம், முனை உடைந்தால் அந்த "ரெண்டு நாள் ஆகும்" வேலைதான்.

இரண்டு முனைகளிலும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூபை மாட்டி, வழக்கமாகக் கூலன்ட் வெளியேறும் முனை வழியாக, எதிர்த்திசையில், தோட்டத்துக் குழாயிலிருந்து மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். மறுமுனையை வாளியில் பிடியுங்கள். முதலில் வருவது செங்கல் கரைத்த நிறத்தில் இருக்கும், அதோடு செதில் செதிலாகத் துரு விழும். சில நொடிகளில் தெளியும். நிறுத்தாமல் திசையை மாற்றி விட்டால் மறுபடி கலங்கும். இரு திசையிலும் தெளிவாக வரும் வரை மாற்றி மாற்றி விடுவதுதான் வேலை. வாட்டர் சர்வீஸ் கன்னின் அழுத்தம் வேண்டாம், காயில் கிழிந்துவிடும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றிச் சுத்தம் செய்வதாக யாராவது சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். உப்புப் படிவத்தைக் கரைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அலுமினியத்தையும் தின்னும். கடைசியாக பேட்டரி வாட்டர் ஒன்றிரண்டு லிட்டர் விட்டுக் கழுவி, ஹோஸ்களை மாட்டுங்கள். வாளியில் உள்ள பழைய கூலன்ட்டைத் தெருவில் கொட்டக்கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து சாகும்.

நிரப்பும்போது காரின் கையேடு சொல்லும் வகைக் கூலன்ட்டையே வாங்குங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பது சாயம்தான், வகையை அது காட்டாது. கலக்காமல் விற்பது என்றால் சரிபாதி பேட்டரி வாட்டர் சேர்க்க வேண்டும்.

ஏர் லாக்

கழுவி முடித்த கார்கள் பலவற்றில் ஹீட்டர் முன்பைவிட மோசமாகிவிடும். அடைப்பு போயிருக்கும், காற்று உள்ளே போயிருக்கும். கூலன்ட் குறைந்த காரிலும் இதேதான். அறிகுறி தெளிவானது: ஐட்லிங்கில் குளிர், ரேஸ் கொடுத்தால் சூடு, சிக்னலில் நின்றால் மறுபடி குளிர். ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று தண்ணீர் ஓடும் சத்தமும் கேட்கும்.

காற்றை எடுக்க, ரேடியேட்டர் பக்கம் உயரும்படி ஒரு சரிவில் நிறுத்துங்கள். இஞ்சின் ஆறிய நிலையில் மூடியைத் திறந்து நிரப்பி, ஹீட்டரை ஹையில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி வர வர மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அவ்வப்போது அமுக்கினால் சிக்கிய காற்று சீக்கிரம் கிளம்பும். ஹோஸில் சூடு தெரிந்து, கூலன்ட் பொங்கத் தொடங்கியதும் மூடிவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை விடுங்கள். சில கார்களில் காற்று எடுக்கவென்றே ஒரு ஸ்குரூ இருக்கும், கையேட்டில் பாருங்கள். மறுநாள் காலை, ஆறிய பிறகு, கூலன்ட் டேங்கின் இரு கோடுகளுக்கு நடுவே மட்டம் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

வாராவாரம் காற்று சேர்கிறது, கூலன்ட் குறைகிறது, வெளியே எங்கும் ஒழுகல் இல்லை என்றால் விஷயம் பெரிது. ஹெட் கேஸ்கட்டில் கசிவு இருக்கலாம். அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். பக்கத்து இருக்கையின் கால் விரிப்பு ஈரமாகி, இனிப்பு வாசனை வந்து, கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுக்கு படிந்தால் காயிலே ஓட்டையாகிவிட்டது. அப்போது டேஷ்போர்டை இறக்கத்தான் வேண்டும்.

டக் டக் டக்

ஃபிளாப் மோட்டார் போன காரை ஓசையை வைத்தே கண்டுபிடிக்கலாம். சாவியைத் திருப்பியதும், அல்லது வெப்பநிலையை மாற்றியதும், டேஷ்போர்டுக்குள் டக் டக் டக் என்று சீராக ஒரு பத்து நொடி அடித்து ஓயும். மோட்டாரின் பிளாஸ்டிக் பற்சக்கரத்தில் ஒரு பல் போய்விட்டது, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வழுக்குகிறது.

கிளவ் பாக்ஸைக் கழற்றியோ, ஓட்டுநரின் கால் பக்கத்திலிருந்தோ பல கார்களில் இந்த மோட்டாரைப் பார்க்க முடியும். கை நுழையாத இடத்தில் போனைச் செருகி வீடியோ எடுங்கள். வீட்டில் ஒருவர் ஹையிலிருந்து லோவுக்கு மாற்ற, நீங்கள் மோட்டாரின் தண்டைப் பாருங்கள். தண்டு திரும்புகிறது, காற்று மாறவில்லை என்றால் உள்ளே ஃபிளாப்பே உடைந்திருக்கிறது. தண்டு துடித்து நின்றால் பற்சக்கரம். அசைவும் இல்லை, ஓசையும் இல்லை என்றால் மோட்டாரை வாங்கும் முன் ஒயரைப் பாருங்கள். எலி கடித்திருப்பதற்கான வாய்ப்பு நம்மூரில் மிக அதிகம். இரு பக்கத்து மோட்டாரும் ஒரே பார்ட் நம்பராக இருந்தால் மாற்றி மாட்டிப் பாருங்கள். கோளாறும் பக்கம் மாறினால் தீர்ப்பு கிடைத்துவிட்டது.

புது மோட்டார் இரண்டு மூன்று ஸ்குரூதான். ஆனால் மாட்டியதும் அதற்குத் தன் இரு எல்லைகளும் தெரியாது. கற்றுக்கொடுக்கும் முறை காருக்குக் கார் வேறு: சிலவற்றில் ஏசி ஃபியூஸைச் சற்று நேரம் கழற்றி மாட்டினால் தானாகத் தேடிக்கொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் புது மோட்டாரும் பழைய கோளாறையே காட்டும், கடைக்காரர்மேல் சந்தேகம் வரும்.

லோவில் மட்டும் வேறுபாடு

கூலிங் காயிலுக்கும் கடைமடைக் கணக்குதான். கேஸ் குறைந்தால், திரவம் காயிலின் முதல் பாதியிலேயே ஆவியாகித் தீர்ந்துவிடும். மீதிப் பாதி குளிராது. எந்தப் பக்கம் சூடாக வரும் என்பது காயிலுக்குள் குழாய் எந்தப் பக்கம் நுழைகிறது என்பதைப் பொறுத்தது. அளவை கேஜ் பார்த்து "போதும்" என்று நிறுத்துவது சரியல்ல. பானெட்டுக்கு அடியிலுள்ள ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் கிராமும் அச்சிட்டிருக்கும். இருப்பதை மெஷினில் உறிஞ்சி எடுத்து, வேக்கம் பிடித்து, அந்த எடைக்கு ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றும் முன் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கேஸ் தேய்ந்து தீருவதில்லை, எங்கோ வெளியேறுகிறது. ஆர்-134ஏ கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான சூட்டை நூறாண்டில் பூமிக்கு ஏற்றும். வருஷா வருஷம் அடித்துக்கொள்வது பர்ஸுக்கு மட்டும் நஷ்டமில்லை.

எண்கள் எந்தக் கணக்குக்கும் ஒத்துவரவில்லை என்றால், சமீபத்தில் டேஷ்போர்டில் யார் கை வைத்தது என்று யோசியுங்கள். பெரிய திரை ஸ்டீரியோ மாட்டியவர் ஒயர்க் கட்டைக் காற்றுக் குழாயின் மேல் திணித்திருப்பார், இணைப்பு கழன்று பாதிக் காற்று டேஷ்போர்டுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும். கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அதில் எலி கூடு கட்டியிருந்தால் ப்ளோயர் வரை பார்த்துவிடுவது நல்லது. ஸ்டீயரிங் அருகே சிறு சல்லடை போன்ற மூடிக்குப் பின்னால் கேபின் வெப்பத்தை அளக்கும் சென்சார் இருக்கும். தூசி அடைத்தால் ஆட்டோ நிலையில் காற்று காரணமில்லாமல் சூடாகியும் குளிர்ந்தும் ஊசலாடும். ஒரு பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிவிட்டால் போதும்.

மின்சாரக் கார்களுக்கு ஃபிளாப், சென்சார், காற்றுக் குழாய் பற்றிச் சொன்னதெல்லாம் பொருந்தும், இஞ்சின் சூட்டைப் பற்றிச் சொன்னது பொருந்தாது. பலவற்றில் ஹீட்டர் உயர் அழுத்த மின்சாரத்தில் ஓடுகிறது. பானெட்டைத் திறந்ததும் ஆரஞ்சு நிறக் கேபிள் கண்ணில் பட்டால் அதைத் தொடாதீர்கள். தெர்மாமீட்டரில் எழுதிய இரண்டு வரிசை எண்களை சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டு, வேலையை அவர்களிடம் விடுங்கள்.